வாரிசு வரியும் என் மகனும்

அன்புள்ள நந்தன்,

நீ தண்டர் பே நகருக்குக் குடிபெயரப் போகிறாய் என்ற செய்தி எனக்கு அப்பா மூலமாகத்தான் வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தவர், "அம்மாவிட்டயும் சொல்லிவிடச் சொன்னவன்" என்றார். அவ்வளவுதான். போன இலையுதிர்காலத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது. நீ அவரிடம் சொல்கிறாய், அவர் என்னிடம் சொல்கிறார், நான் தலையாட்டுகிறேன். நீ ஊரைவிட்டுப் போகுமுன் இதை முடித்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாய். கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே இருக்கும்.

தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நாம் இருவரும் வாதாடி வாதாடிப் பழகிவிட்டோம். அந்த மொழியில் எழுதினால் நீ பென்சிலை எடுத்து ஓரத்தில் மறுப்பு எழுதத் தொடங்கிவிடுவாய். இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இருக்கிற நம்மவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். ஏதாவது எழுதித் தரும்படி என்னையும் கேட்டிருக்கிறார்கள். பொருளியல் கட்டுரை கொடுத்தால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். பிள்ளையைச் சட்டத்தரணியாக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிற பெற்றோர் இந்த நகரத்தில் பலர். அவர்கள் இதைப் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். உன் பெயரையும் மற்றவர்களின் பெயரையும் மாற்றிவிட்டேன். கொடுக்க வேண்டாம் என்று நீ சொன்னால் கொடுக்கமாட்டேன். ஆனால் அதை நீயே என்னிடம் சொல்ல வேண்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் பள்ளிக்கூட நண்பர்கள் கேட்டால் "டாக்ஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அஜின்கோர்ட்டில் நாம் வீடு வாங்கிய புதிதில் எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் தன் வருமானப் பத்திரங்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, நிரப்பித் தர முடியுமா என்று கேட்டாள். எனக்கு அது தெரியாது என்றபோது அவள் நம்பவில்லை. ஒரு வரியை யார் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது ஒன்று, அதை உண்மையில் யார் சுமக்கிறார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நான் அளக்கிறேன் என்று வாசலில் நின்று விளக்கினேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ படிக்கட்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய்.

பரமேஸ்வரியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வகுப்பில் என் பக்கத்தில், ஒரே வாங்கில் இருந்து படித்தவள். கணக்கில் என்னைவிட அவளுக்கு வேகம் அதிகம். நான் இரண்டாம் வரியில் நிற்கும்போது அவள் விடையைச் சொல்லிவிடுவாள். ஒரே வருடத்தில் அவளுடைய தகப்பனாரும் இறந்தார், என் அப்பாவும் இறந்தார். அவளுடைய தகப்பன் லொறிச் சாரதி. என் அப்பா பெரிய கடை வீதியில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர். அந்த வாடகை என்னைக் கொழும்புக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் கொண்டுபோனது. பரமேஸ் அடுத்த தவணை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. என் கெட்டித்தனத்தால் நான் விரிவுரையாளர் ஆனேன் என்று யாராவது மேடையில் சொன்னால், அந்த வாங்கில் காலியாகக் கிடந்த பாதியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இதை நான் முதன்முதலில் சொன்னபோது உனக்குப் பதினாறு வயதிருக்கும். சாப்பாட்டு மேசையில் கையை உயர்த்தி, "அப்ப அம்மா, உங்கட அப்பான்ர கடையளுக்கு வரி போட்டிருந்தா நீங்களும் படிச்சிருக்க ஏலாது" என்றாய். "அந்த வரியில பரமேசும் படிச்சிருப்பாள்" என்றேன். "எண்டு நினைக்கிறீங்கள். அரசாங்கம் அதில துவக்கும் குண்டும் வாங்கியிருக்கும்." "வாங்கியிருக்கலாம். அதுக்கு வோட் இருக்கு." அப்பா நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்றார். அன்றைக்கு நீ சட்டம் படிப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என்னோடு ஒத்துப்போகிற பிள்ளையைவிட என்னை மடக்கப் பார்க்கிற பிள்ளையை வளர்ப்பதே எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நீ படித்தாய், தேறினாய், பே தெருவின் உயர்ந்த கட்டடம் ஒன்றில் பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்தாய். முதல் நாள் நீ உடுத்திய சாம்பல் நிற சூட்டை நானும் அப்பாவும் சேர்ந்து வாங்கித் தந்தோம். உன் கதவில் பெயர்ப்பலகை வைத்ததும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். நிறத்தைப் பார்த்து நேர்முகத்திலேயே திருப்பி அனுப்பப்பட்ட நம்மவர்கள் எத்தனையோ பேரை அறிந்தவள் நான். அந்தப் பலகை எனக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவதைப் படிக்கும்போது, அதன் மதிப்புத் தெரியாமல் நான் நடந்துகொண்டேன் என்று நீ நினைக்கக் கூடாது.

போன வருடம் மாகாண அரசு வாரிசு வரியை அடியோடு எடுத்துவிடப் போகிறது என்ற பேச்சு வந்தது. பெரிய சொத்துள்ளவர் இறந்து அது பிள்ளைகளுக்குப் போகும்போது அரசு ஒரு பங்கை எடுக்கிற வரி. இந்தப் பத்தாண்டு முழுவதும் நான் ஆராய்ந்தது அதைத்தான். இந்த மாகாணத்தில் செல்வம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு எப்படிக் கைமாறுகிறது, யாருக்கு அது வந்து சேருகிறது, யாருக்கு ஒருபோதும் வருவதில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனவே சட்டசபைக் குழு கருத்துக் கேட்டபோது, வந்து பேசும்படி எனக்கும் அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தாய்.

"அம்மா, நீங்கள் போகாதேங்கோ."

"ஏன்?"

"எங்கட நிறுவனம்தான் மற்றப் பக்கம். எங்கட கிளையண்ட்ஸ் கொஞ்சப் பேர் சேர்ந்து வரியை எடுக்கச் சொல்லி நிக்கினம். நானும் அந்த வேலையிலதான். அங்க நீங்கள் எதிரா நிண்டு பேசினா எனக்கு எப்பிடி இருக்கும்?"

"சங்கடமா இருக்கும். தாயும் மகனும் வேற வேற நிலைப்பாடு எடுக்கக் கூடாதெண்டு சட்டமிருக்கோ?"

"சட்டத்தைப் பற்றிக் கதைக்கேல்ல அம்மா. அவையள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை, உங்கட மதரோ எண்டு."

பிறகு உனக்குக் கோபம் வந்தது. நான் கோடீஸ்வரர்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்றாய். "உங்களுக்கு எல்லாம் நம்பர். வயலில வேலை செய்யிற ஒரு கமக்காரரை நேரில கண்டிருக்கிறீங்களோ? யூனியன்விலுக்கு வடக்கால ஈடித் எண்டு ஒரு மனுசி இருக்கிறா. புருசன் செத்துப்போனார். தான் செத்தா வரி கட்டுறதுக்கு மகன் காணியை விக்க வேண்டி வரும் எண்டு அழுகிறா. அவதான் எங்கட பக்கத்தில பேசப் போறா. போய் அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, இந்த வரி நல்லதெண்டு."

நீ சொன்னது எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் நான் ஒரு கமக்காரரின் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை என்பது உண்மை. நீ போனபிறகு அப்பாவிடம், "கார்த் திறப்பை எடுங்கோ, வாற சனிக்கிழமை யூனியன்வில் போறம்" என்றேன்.

ஈடித்தின் பெயரைச் சொல்லி வழி விசாரித்து, நீ பார்த்த அதே இடத்துக்குத்தான் போனோம். சோளம் வெட்டிமுடிந்த வயல்கள், தெருவோரத்தில் புதிய வீடுகள் வரப்போவதாக அறிவிக்கும் பெரிய பலகைகள், அவற்றுக்கு அப்பால் வெள்ளையடித்த வீடு. கதவைத் திறந்த ஈடித் எங்களைப் பார்த்ததும், "பூசணிக்காய் முடிந்துவிட்டது" என்றாள். வாங்க வரவில்லை, பேச வந்தோம், குழுவின் முன் நானும் பேசப் போகிறேன், ஆனால் வரி இருக்க வேண்டும் என்றுதான் பேசப் போகிறேன் என்றேன். அவள் கதவை அகலத் திறந்தாள். "குளிராக இருக்கிறது, உள்ளே வாருங்கள்" என்றாள்.

அந்தச் சமையலறை மேசையில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். கணவர் டிராக்டரிலிருந்து இறங்கும்போது மாரடைப்பில் விழுந்தது, மகன் டொம் அன்றிலிருந்து தனியாக எல்லாவற்றையும் பார்ப்பது, அவன் மனைவிக்கு முதல் பிள்ளை பிறக்கப் போவது. வரியை நினைத்து அவளுக்கு நித்திரை வருவதில்லை. அதற்காக வடக்குப் பக்க வயலை ஒரு கட்டடக் கம்பனிக்கு விற்கப் போவதாகவும் சொன்னாள். தான் இறக்கும்போது டொம் அந்தரப்படாமல் இருக்கக் கையில் பணம் வேண்டுமாம். பத்திரம் தயார், வெள்ளிக்கிழமை கையெழுத்து. டொமுக்கு அதில் விருப்பமில்லை, வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதும் குறைந்துவிட்டது.

"காணி டொமுக்குத்தானே போகிறது?" என்று கேட்டேன்.

"வேறு யாருக்கு?"

"அவர் தொடர்ந்து கமம் செய்வாரா?"

"அவனுக்கு வேறு எதுவும் தெரியாது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தை நெடுங்காலமாகப் படித்துவருகிறேன். கமம் செய்கிற பிள்ளைக்குப் போகிற குடும்பக் காணிக்கு வரியைத் தள்ளிவிட அதில் வழி இருக்கிறது. நீங்கள் சொல்வது எல்லாம் சரியென்றால் டொம் கட்ட வேண்டியிராது. கையெழுத்துப் போடுமுன் வேறொரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்."

அவள் என்னை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? "சட்டத்தரணிகள்தானே இங்கே வந்தார்கள்" என்றாள். "ஒரு பெரியவரும் ஒரு இளைஞனும். இளைஞன் நீங்கள் இருக்கிற கதிரையில் இருந்து நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு போனான். மிகவும் மரியாதையான பிள்ளை. உங்கள் நாட்டுக்காரனாக இருக்க வேண்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் அவள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவன் என் மகன்" என்றேன்.

ஈடித் எழுந்து கோப்பைகளை எடுத்துக் கழுவுகிற தொட்டியில் வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்த வரியைத் தள்ளிவிட வழி இருப்பது அவனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. கேட்கிறேன்."

அன்று பின்னேரம் உனக்கு அழைத்ததை நீ மறந்திருக்கமாட்டாய். கமக்காரருக்கு உள்ள சலுகை உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதென்று நீ மறுக்கவில்லை.

"அது அவவின்ர பயம் அம்மா" என்றாய். "நான் பொய் ஒண்டும் எழுதேல்ல. அவ சொன்னதைத்தான் எழுதினனான்."

"ஓம், அவ சொன்னதைத்தான் எழுதினாய். அவவுக்குத் தெரியாததை ஏன் சொல்லேல்ல?"

"சீனியர் வேண்டாமெண்டவர். அவ எங்கட கிளையண்ட் இல்ல, சாட்சி மட்டும்தான், அட்வைஸ் குடுக்கிறது எங்கட வேலை இல்லையெண்டவர்."

"அவ வெள்ளிக்கிழமை வயலை விக்கப் போறா, தெரியுமோ?"

அது உனக்குத் தெரிந்திருக்கவில்லை. உன் மூச்சிலேயே எனக்கு விளங்கியது.

"வியாழக்கிழமை குழுவில நான் உண்மையைச் சொல்லுவன்" என்றேன். "கமக்காரருக்கு இந்த வரி இல்லையெண்டு சொல்லுவன். அவவின்ர பெயரையும் உன்ர பெயரையும் சொல்லமாட்டன். ஆனா நான் சொன்னதை அவ நம்பேல்ல, எல்லாருக்கும் முன்னால அங்க வைச்சு அவவுக்கு விளங்கிறது சரியில்ல. அதுக்கு முதல் நீ போய்ச் சொல்லு."

"நான் போனா வேலை போயிடும் அம்மா."

"ஓம், போகும்."

நீ தொலைபேசியை வைத்துவிட்டாய்.

அப்பா அன்றைக்கு என்னோடு சண்டை பிடித்தார். உனக்கு அது தெரியாது. அவர் உன்னிடம் சொல்லியிருக்கவும்மாட்டார். "உமக்கு ஒரு பந்தியை விட்டுட்டுப் பேச ஏலாதோ? கமக்காரரைப் பற்றிச் சொல்லாமலே உம்மட கதையைச் சொல்லலாம்தானே. பிள்ளையின்ர எதிர்காலம்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த நாட்டுக்கு நாம் வந்ததே உன் படிப்புக்காகத்தான். நான் அங்கே விட்டு வந்த பதவியையும், அவர் விட்டு வந்த பள்ளிக்கூடத்தையும் நீ அறிவாய். இரண்டு நாள் யோசித்தேன். எழுதி வைத்திருந்த பேச்சிலிருந்து அந்தப் பந்தியை, அந்தச் சில வாக்கியங்களை, எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். மற்ற எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் குழு கூடும் அறையில் பலர் நம்பப் போவது, வரியால் கமக்காரர் காணியை இழப்பார் என்ற அந்த ஒரு பொய்யைத்தான். வரியை எடுக்கச் சொன்ன பணக்காரர்கள் தங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈடித்தை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றார்கள். அதைப் பற்றி வாய் திறக்காமல் வந்தால் நான் படித்த படிப்பு எதற்கு? பந்தியைத் திரும்பச் சேர்த்தேன். அப்பா அதைப் பார்த்தார். வியாழக்கிழமை காலை எனக்கு முன்பே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இருவரும் பஸ் பிடித்து, சப்வேயில் மாறி, சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்கில் இறங்கினோம்.

அந்த அறையில் நீ உன் மூத்த சட்டத்தரணிக்குப் பின்னால் இருந்தாய். எங்கள் பக்கம் திரும்பவில்லை. முகம் வீங்கியிருந்தது. ஈடித்தைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். டொம் அவளோடு வந்திருந்தான், கழுத்துப்பட்டி கட்டத் தெரியாமல் கட்டியிருந்தான். அவள் நீ எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இதை நான் வாசிக்கப் போவதில்லை" என்றாள். "இதில் இருப்பது நான் சொன்னதுதான். ஆனால் நேற்று மாலை இதை எழுதிய பையன் என் வீட்டுக்கு வந்து, இந்த வரி என் காணிக்கு வராது என்று சொன்னான். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்பும் கேட்டான். எனக்கு வரிகள் பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும்? நீங்கள் இதை எடுப்பதென்றால் எடுங்கள். ஆனால் எனக்காக எடுப்பதாகச் சொல்லாதீர்கள்."

நந்தன், நீ போனது எனக்கு அந்தக் கணம்வரை தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் என் கையைப் பிடித்தார். உன் மூத்தவர் மெதுவாகத் திரும்பி உன்னைப் பார்த்தார். நீ தலையைக் குனியவில்லை, அவரை நேராகப் பார்த்தாய். அதை நான் பார்த்தேன் என்பதை நீ அறிய வேண்டும்.

பிறகு என் முறை வந்தது. கமக்காரரைப் பற்றிய பந்தியை வாசிக்க வேண்டிய தேவை அநேகமாக இருக்கவில்லை; ஆனாலும் வாசித்தேன். குழுவில் இருந்த ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். இந்த வரி இருந்தால் பணம் படைத்தவர்கள் வேறு மாகாணத்துக்குப் போய்விடமாட்டார்களா என்றார். "சிலர் போவார்கள். ஒருவரும் போகமாட்டார் என்று நான் சொல்லமாட்டேன்" என்றேன். "அப்படியானால் ஏன் வைத்திருக்க வேண்டும்?" "போகாதவர்களின் பிள்ளைகளும் ஒன்றும் இல்லாதவர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து படிக்கிறார்கள். ஓட்டம் தொடங்குமுன்பே ஒரு பிள்ளை முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதை நாம் சரியென்று சொல்ல முடியாது. முழுவதையும் சமப்படுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் பின்னால் வந்து நிற்கச் சொல்கிறேன்." அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வைத்து என்ன செய்தாரோ தெரியாது.

நடைபாதையில் நீ என்னைக் கடந்து போனாய், நிற்கவில்லை. அடுத்த கிழமை உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வசந்தகாலத்தில் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். வானொலியில் கேட்டபோது நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். என்னோடு வேலை செய்கிற இளம்பெண் மேசையில் தலையை வைத்துக்கொண்டு, நாம் தோற்றுவிட்டோம் என்றாள். ஓம், தோற்றுவிட்டோம் என்றேன். வீட்டு வரியையும் விற்பனை வரியையும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று அடுத்ததாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை எண்களை எடுக்குமுன் வீடுகளுக்குப் போகிறேன். பிக்கரிங்கில் ஒரு தொடர்மாடியில் படியேறி இறங்கி முழங்கால் வலிக்கிறது. அந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவன் நீதான். யூனியன்வில் போகச் சொல்லி என்னைச் சீண்டியதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன்.

இனி நான் எழுத வந்த விஷயம். "எல்லாம் அம்மாவாலதான் போச்சு" என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். இதை நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. பழிக்குப் பயந்து சொல்லவில்லை. பழி எனக்குப் புதிதல்ல. வரியைப் பற்றி எழுதுகிறவளுக்கு வருகிற கடிதங்களை நீ பார்த்திருக்கிறாய். நான் செய்தது ஒரு தொலைபேசி அழைப்பு. நீ அழைப்பை வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். நான் பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், உனக்கு ஒன்றும் வந்திராது. கதவில் உன் பெயர் இன்றைக்கும் இருந்திருக்கும். நீ காரை எடுத்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்தில், யூனியன்வில் தெருவில் தனியாகப் போனாய். ஒரு விதவையின் மேசையில் இருந்து, நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது இது என்று சொன்னாய். அந்தச் சொற்களை உனக்கு யாரும் எழுதித் தரவில்லை. ஒரு பிள்ளைக்குப் பெற்றோரிடமிருந்து என்னென்ன கைமாறுகிறது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்கிறவள் சொல்கிறேன், அது நான் உனக்குத் தந்தது அல்ல. உன் சொந்தச் சம்பாத்தியம். என் தலையில் போட்டுவிட்டு அதைக் குறைத்துவிடாதே.

நீ இழந்தது சிறியதென்று நான் சொல்லவில்லை. திரும்பப் பே தெருவில் உனக்கு வேலை கிடைக்காமல் போகலாம். அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அதே வியாழக்கிழமை திரும்ப வந்தால் அதையேதான் பேசுவேன். வலிக்கிறது என்பதையும் திரும்பச் செய்வேன் என்பதையும் உன்னிடம் ஒருசேரச் சொல்ல முடியுமென்று நம்புகிறேன். உனக்கு இப்போது இருபத்தெட்டு வயது, இரண்டையும் கேட்கிற வயது.

தண்டர் பேயில் நீ சேரப்போகிற அலுவலகம் சின்னது என்று அப்பா சொன்னார். காகித ஆலைத் தொழிலாளர்கள், வீடு வாங்குகிறவர்கள், விவாகரத்துக்காரர்கள் வருவார்களாம். நல்லது. அங்கே ஒருவர் உன் முன்னால் இருந்து பயத்தைச் சொல்லும்போது, அதை எழுதுமுன் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லு. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். குளிர் இங்கே இருப்பதைவிட அதிகம். நல்ல சப்பாத்து வாங்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக இருக்காதே, யாரோடாவது வாதாடு, இல்லாவிட்டால் உனக்கு உடம்புக்கு ஆகாது.

ஈடித் போன கிழமை அழைத்தாள். வயலை விற்கவில்லை. டொமுக்குப் பெண் குழந்தை. தனக்குப் பிறகு காணி டொமுக்கு என்று அவளுக்கு ஒரு மரணசாசனம் எழுத வேண்டுமாம், அதை நீதான் எழுத வேண்டுமாம். ஊரில் வேறு சட்டத்தரணி இல்லையா என்று கேட்டேன். "இருக்கிறார்கள். ஆனால் தன் வேலை போகும் என்று தெரிந்தும் என் வீட்டுக்கு வந்தவன் அவன் ஒருவன்தான்" என்றாள். உன் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். நீ புறப்படுமுன் அழைப்பாள். எடுத்துப் பேசு.

செவ்வாய்க்கிழமை உன்னை ரயிலேற்ற அப்பாவோடு நானும் யூனியன் ஸ்டேஷனுக்கு வருகிறேன். நேரத்தோடு வந்து விடுவோம். என்னோடு பேச வேண்டும் என்றோ, கட்டிப்பிடிக்க வேண்டும் என்றோ இல்லை. உன் புத்தகப் பெட்டி பாரம், அப்பாவின் முதுகு முன்னைப்போல இல்லை. ஒரு கைப்பிடியை நான் பிடிப்பேன். மற்றதை நீ பிடி.

அன்புடன்,
அம்மா